மத்தியானம் இரண்டு மணிச் சத்தம்

அப்பா தூங்கி எழும்போதெல்லாம் அவருக்குத் தாடை வலிக்கும்.

மற்ற வீடுகளில் அப்பாக்கள் காலையில் எழுவார்கள். சாதனாவின் அப்பா சுடலைக்கண்ணன் சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுவார். தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறை ஒன்றில் அவருக்கு ராத்திரி வேலை. உடைந்த வாளி, நாற்காலி, டப்பா எல்லாவற்றையும் மிஷினின் வாயில் தள்ள வேண்டும். அது கறகறவென்று மென்று பொடியாகத் துப்பும். காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, இரும்பு ஏணியில் ஏறி மாடியில் போய்ப் படுத்துவிடுவார்.

மாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பலகைக்கும் தகரக் கூரைக்கும் நடுவே கொஞ்சம் இடம். படுக்கலாம், உட்காரலாம். நின்றால் தலை இடிக்கும்.

"பாரம் தூக்குறவுகளுக்கு முதுகு வலிக்கும். உங்களுக்கு என்ன, தாடை வலிக்கு?" என்று அம்மா பூமாரி கேட்பாள்.

"பல்லு வேலை நடக்குல்லா, அதான்" என்பார் அப்பா, கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே.

பல் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைச் சீவிச் சிறிதாக்கி, அதன்மேல் தற்காலிகக் கேப் ஒன்றை மாட்டியிருந்தார் டாக்டர் ஜெனிஃபர். நிரந்தரக் கேப் தயாராகி வரும்வரை சீவிய பல்லைக் காப்பாற்றுவது அதன் வேலை. இரண்டு மூன்று வாரம் தாங்கினால் போதும்.

"அந்தப் பக்கமா மெல்லாதீங்க அண்ணாச்சி. கடலைச் சிக்கி, சூயிங்கம், சுபாரிப் பாக்கு எதுவும் கூடாது. கழண்டா உடனே எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஐந்தாம் நாளே கேப் கழன்றது. டாக்டர் திரும்ப ஒட்டினார். ஒன்பதாம் நாள் மறுபடி கழன்றது. இந்தத் தடவை அப்பா லீவு போட முடியாமல் தானே ஒட்டிக்கொண்டார். எதிர்ப் பட்டறையில் கேட்டு வாங்கிய செருப்புப் பசையால்.

இரண்டு நாள் கழித்து வலி தாங்காமல் சாதனாவோடு போனபோது, டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். முகர்ந்தார்.

"அண்ணாச்சி, இது பல்லு! செப்பல் இல்ல!"

சாதனாவுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கழற்றிய கேப்பை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் மேல்பக்கம் விரிசல் விட்டு, தேய்ந்து போயிருந்தது.

"ஏதோ கெட்டியானதைக் கடிச்சுக்கிட்டே இருக்கீங்க. சுபாரிதானே? நான் வேற கேப் வெச்சு விடுறேன். ஆனா இதுவும் உடைஞ்சா உள்ள இருக்கிற பல்லும் உடையும். பிறகு பிடுங்கத்தான் வேணும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

"விட்டுட்டேன் விட்டுட்டேன்னு ஒரு வருசமா ஏமாத்திருக்கீகளா? பட்டறையில ஒளிச்சு வச்சுத் திங்கீகளா?"

"நான் தொடவே இல்ல பூமாரி."

"பெறவு கேப்பு தானா தேஞ்சுதோ?"

அன்று குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அப்பா வேலைக்குப் போகும் வழியில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் திரும்பி வீட்டுக்குள் வந்தார். பாடம் எழுதிக்கொண்டிருந்த சாதனாவின் தலையில் உள்ளங்கையை வைத்தார்.

"இந்தப் பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லுதேன். சுபாரி என் வாயில பட்டே ஒரு வருசம் ஆச்சு."

அம்மா பாய்ந்து வந்து அந்தக் கையை இழுத்தாள். "பொய்யா இருந்தா பிள்ளைக்கில்லா ஆகும்! என்ன மனுசன் நீங்க?"

கையை எடுத்தாகிவிட்டது. ஆனால் அதன் கனம் சாதனாவின் தலையிலேயே இருந்தது.

மறுநாள் பள்ளி முடிந்து ஒரு மணிக்கு வந்தாள். அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளுக்குச் சமைத்துவிட்டு நாலு மணிக்குத்தான் வருவாள். சந்து குறுகல். நடுப்பகலிலும் வீட்டுக்குள் பல்பு போட வேண்டும்.

சாப்பிட்டுத் தட்டைக் கழுவியபோது மணி இரண்டு. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கற... கற... கற...

மேலேயிருந்து வந்தது. கல்லைக் கல்லோடு வைத்து மெதுவாகத் திருகுவதுபோல இருந்தது. நின்றது. சாதனாவும் மூச்சை நிறுத்தினாள். மறுபடி தொடங்கியது.

"அப்பா?"



கற... கற...

அப்பா கை வைத்த இடத்தில் தலை குறுகுறுத்தது. சத்தியம் பொய்யாக இருந்தால், அதற்குப் பதிலாக அவளைப் பிடித்துப் போக யாராவது வருவார்களா? பகலில் வருவார்களா? ஏணி வழியாக இறங்குவார்களா?

நாலு மணிவரை அவள் வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்பா பொய் சொன்னார் என்று ஆகிவிடும்.

அடுத்த நாளும் அதே நேரம், அதே சத்தம். சாதனா வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டு வாசலில் வெயிலுமுத்து மாமா அன்று தூக்கம் வராமல் பனியனோடு உட்கார்ந்து போனில் குஸ்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அப்பாவோடு அதே மிஷினில் வேலை செய்பவர். இரண்டு வீட்டு மாடிகளுக்கும் நடுவே ஒரு தகரம்தான் சுவர்.

"மாமா, உங்க மாடியில எதையாவது அறுக்கீகளா?"

"என்னது?"

"சத்தம் கேக்கு மாமா!"

"ஏட்டி, மிஷின் பக்கத்துல இருபது வருசம் நின்ன காது இது. நீ கத்துறதே எனக்குப் பாதிதான் கேக்கு."

சாதனா கொஞ்சம் யோசித்தாள். மேலே இருப்பது எதுவானாலும், தன் தலைமேல் நடக்கிற விஷயம் அது. தெரியாமல் படியில் உட்கார்ந்திருப்பதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது.

"மாமா, உங்க போனைப் பத்து நிமிசம் தருவீகளா? ஒரு சத்தத்தைப் பிடிக்கணும்."

"குஸ்தி பாதியில நிக்கு. சும்மா தருவாங்களா? பதிலுக்கு என்ன தருவ?"

"என்ட்ட ஒண்ணுமே இல்லியே."

"அப்பம் கடனா இருக்கட்டும். பெறவு கேட்டு வாங்கிக்கிடுதேன்" என்று போனை நீட்டினார்.

ஏணியில் ஏழு கம்பிகள். நாலாவது கம்பியில் சத்தம் பெரிதானது. ஏழாவதில் நின்று தலையை மட்டும் நீட்டினாள்.

கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாக வந்த வெளிச்சம் ஒரு ரூபாய் அளவில் அப்பாவின் முகவாயில் விழுந்து கிடந்தது. அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. கைகள் அசையவில்லை. நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது.

தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இடப்பக்கம். வலப்பக்கம். இடப்பக்கம். மொத்த ஆளும் தூங்கிக்கொண்டிருக்க, அந்தத் தாடை மட்டும் தனி உயிர்போல எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. கற... கற... பட்டறை மிஷின் அப்பாவுக்குப் பின்னாலேயே வந்து அவர் வாய்க்குள் படுத்துக்கொண்டதுபோல இருந்தது.

சாதனாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஊர்ந்து பக்கத்தில் போனாள். தலையணைக்குக் கீழே பார்த்தாள். சுபாரிப் பொட்டலம் இல்லை. குனிந்து முகர்ந்தாள். பற்பசை வாசனைதான் வந்தது. பாதி திறந்த உதட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். வாயில் ஒன்றுமே இல்லை. பல்லைப் பல்தான் கடித்தது.

அவள் போனை அப்பாவின் முகவாய்க்குப் பக்கத்தில் பிடித்துச் சிவப்புப் புள்ளியை அழுத்தினாள். கீழே இறங்கும்போது தலையில் இருந்த கனம் போய்விட்டிருந்தது.

அன்று சாயங்காலம் மாமாவின் போனிலிருந்து அனுப்பி வாங்கிய சத்தத்தை அம்மாவின் போனில் போட்டுக் காட்டினாள்.

"எம்மா! என்ன பேய்ச் சத்தம் இது?" என்று அம்மா போனைப் பாயில் போட்டுவிட்டாள்.

"பேய் இல்லம்மா. அப்பா."

அப்பா நம்பவில்லை. சனிக்கிழமை டாக்டர் ஜெனிஃபர் நம்பினார். காதருகே வைத்து இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தார்.

உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள். முகம் இல்லாத, கண் இல்லாத மாவுக்கல் தாடைகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. சாதனா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. கேப் செய்ய எல்லார் வாயையும் அச்சு எடுப்போம். இது உங்க அப்பா."

மேல் தாடையைக் கீழ்த் தாடைமேல் வைத்தார். மெதுவாக இடதும் வலதுமாக நகர்த்தினார்.

கற... கற... கற...

அதே சத்தம். அப்பாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பாருங்க, பல்லோட மேடெல்லாம் தேஞ்சு தட்டையாக் கிடக்கு. நான் அன்னைக்கே கவனிச்சிருக்கணும். மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, சுபாரின்னு அவசரப்பட்டுட்டேன்."

"இத நானா செய்யுதேன்?"

"நீங்க தூங்குறீங்க. உங்க தாடை டியூட்டி பார்க்குது."

அப்பா சற்று நேரம் அந்தக் கல் பற்களையே பார்த்தார். "ராத்திரி ஒரு ஷிப்டு, பகல்ல ஒரு ஷிப்டா? ஓவர்டைம் யாரு தருவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கக் கொஞ்சம் தாமதமானது.

அடுத்த வாரம் நிரந்தரக் கேப் வந்தது. கூடவே, தூங்கும்போது பற்கள்மேல் மாட்டிக்கொள்ள, கண்ணாடிபோல ஓர் உறையும் வந்தது.

"நிரந்தரக் கேப்னா மறந்துரலாம்னு இல்ல. ஈறு ஓரத்துல நல்லாத் தேய்க்கணும். தூங்குறப்போ உறை கட்டாயம். பசை மட்டும்..."

"தொட மாட்டேன் டாக்டர்!" என்றார் அப்பா.

வீடு வரும்வரை சாதனாவின் தலையை அம்மா, எதையோ துடைத்து எடுப்பதுபோலத் தடவிக்கொண்டே வந்தாள். மறுநாள் குழாயடியில் முதல் குடத்தை வைத்ததுமே சத்தமாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் சுபாரி திங்கல. நான்தான் தப்பாப் பேசிட்டேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

அதன்பிறகு அப்பா தாடையைத் தேய்ப்பது குறைந்தது. மத்தியானங்கள் அமைதியாகக் கழிந்தன.

வியாழக்கிழமை மணி இரண்டு. சாதனா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கற... கற... கற...

கையிலிருந்த தட்டு நழுவியது. ஏழு கம்பிகளையும் ஒரே மூச்சில் ஏறினாள். அப்பா வாய் திறந்து தூங்கினார். உறை பளபளத்தது. தாடை அசையவே இல்லை.

சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊர்ந்து போய்ச் சுவர்த் தகரத்தில் காதை வைத்தாள். தகரம் மெல்ல அதிர்ந்தது. அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, வெயிலுமுத்து மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு அது எப்படிக் கேட்கும்?

சாதனா அப்பாவை எழுப்பாமல் கீழே இறங்கினாள். நாலு மணிக்கு அம்மா போனோடு வந்துவிடுவாள். மாமா ஐந்து மணிவரை தூங்குவார்; அதற்குள் சத்தத்தைப் பிடித்துவிடலாம்.

போன் கொடுத்ததற்குப் பதிலாக மாமா இன்னும் எதையும் கேட்டு வாங்கவில்லை. அவருக்கு ஒரு சத்தம் பாக்கி.