நெருப்பில்லாத வீடுகள்

கபிலாஷ் எழுந்தான். பல் துலக்கினான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். ஐந்து வயது தீக்ஷாவுக்குப் பாணில் வெண்ணெய் தடவி ஓரங்களை வெட்டினான். பிறகு, வழக்கம்போல, மனைவி மதுஷாவின் படத்துக்கு முன்னால் இருக்கும் விளக்குக்கு எண்ணெய் விடப் போனான்.

விளக்கு அணைந்திருந்தது. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் விளக்கில் எண்ணெய் இல்லை, தண்ணீர் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

"ஆர் இதுக்குள்ள தண்ணி ஊத்தினது?"

தீக்ஷா பாணிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா. நோ ஃபயர் இன் த ஹவுஸ், அப்பா. ஷீ டோல்ட் யூ."

மதுஷா அதைச் சொன்னது நோர்வேயில், பேர்கன் நகரத்தில். அவளுடைய மச்சாளின் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மீன் சந்தை, மலையேறும் ரயில், துறைமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் மரவீடுகள் எல்லாவற்றையும் மகளுக்குக் காட்டினாள். அந்த வீடுகளில் முன்பு ஜெர்மன் வியாபாரிகள் காய்ந்த மீனுக்கு நடுவில் வாழ்ந்தார்கள். நகரம் திரும்பத் திரும்ப எரிந்ததால் அங்கே நெருப்பு மூட்டத் தடை. பனிக்காலத்திலும் அடுப்பில்லை, விளக்கில்லை. சமையலும் கணப்பும் பின்னால் தனிக் கட்டடத்தில். வேலைக்குப் புதிதாக வந்த பையன்களைக் கயிற்றில் கட்டி, அந்தத் தனிக் கட்டடத்தின் புகைபோக்கிக்குள் தூக்குவார்கள். கீழே மயிரும் மீன்கழிவும் எரியும். மேலே தொங்குபவனிடம் கேள்வி கேட்பார்கள். இருமி இருமிப் பதில் சொல்லவேண்டும். பிறகு கடலில் முக்கி அடிப்பார்கள். அதை அவர்கள் விளையாட்டு என்றார்கள்.

"பாவமடி அந்தப் பெடியன்கள்," என்று சொல்லிவிட்டு மதுஷா சிரித்தாள். மறுநாள் அதே துறையின் ஈரப்பலகையில் வழுக்கி, கல்சுவருக்கும் படகுக்கும் நடுவில் விழுந்தாள். அலை படகைச் சுவரோடு தள்ளியது. மூன்று தடவை.

பத்து மணிக்கு ஜெயமலர் அன்ரி சோற்றுப் பெட்டியோடு வந்தார். அவர்கள் வாழும் எடிசன் நகரில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர்.

"என்ன தம்பி, விளக்கு நூந்து கிடக்கு? நாளைக்கு முப்பத்தொண்டாம் நாள், அந்தியேட்டிக் கிரியை. அது முடியுமட்டும் நூரவிடக்கூடாது எண்டு சொன்னனானெல்லோ. செத்தவைக்குக் கூகுள் மேப் இல்லை. வெளிச்சம் இல்லாட்டி வழி மாறி வீட்டுக்கே வருவினம்."

"கவனிக்கிறன் அன்ரி."

"பிள்ளையையும் கவனியுங்கோ. உங்களுக்கு எண்டு இனி அவள் ஒருத்திதான்."

விளக்கைக் கழுவித் துடைத்து மறுபடி ஏற்றினான். மத்தியானம் பார்த்தபோது மறுபடி தண்ணீர். இந்தத் தடவை மீன்செதில் ஒன்று மிதந்தது. ஹீட்டர் நின்றிருந்தது; போட்டான், அவன் சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மறுபடி நின்றது. வெளியே டிசம்பர் மழை கூரையில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்க, வீட்டுக்குள் மெல்ல மெல்ல ஒரு வாசனை ஏறியது, முதலில் நனைந்த மரம், பிறகு தார், பிறகு உப்பில்லாமல் காயவைத்த மீனின் மொச்சை, அது திரைச்சீலையில் படிந்தது, தலையணையில் படிந்தது, அவன் குடித்த தேநீருக்குள்ளும் இறங்கியது. மாடியில் ஏதோ கிரீச்சிட்டது. கட்டிவைத்த படகு அலையில் இழுபடும் சத்தம்.

"அப்பா," என்றாள் தீக்ஷா. "அம்மா வாண்ட்ஸ் டு ப்ளே த ஸ்மோக் கேம். வித் மீ."

அவன் தேநீரை வைத்தான். "நாங்கள் அன்ரி வீட்டை போறம். இப்பவே. சப்பாத்தைப் போடுங்கோ."

அவளுடைய மேலங்கியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினான். எடுத்தான். திரும்பினான்.

பிள்ளை இல்லை. ஒரு சப்பாத்து மட்டும் கிடந்தது.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. சுவிட்சைத் தட்டினான். வெளிச்சம் வரவில்லை. தீக்குச்சியை உரசினான். பெட்டி முழுவதும் ஈரம்.

அப்போது மயிர் எரியும் நாற்றம்.

மாடிப்படி. ஒவ்வொரு படியிலும் தண்ணீர். மேலே கூரையறையின் மூடி திறந்து கிடந்தது. சதுரமான கறுப்பு. அதிலிருந்து தார் பூசிய கயிறு. கயிற்றில், கக்கத்துக்குக் கீழே கட்டி, அவன் மகள். புகை அவளுடைய முழங்கால்வரை நின்றது.

மேலிருந்து ஒரு குரல். ஈரமான குரல். அவனுக்குத் தெரிந்த குரல்.

"உங்கட பேர் என்ன?"

இருமல். "தீக்ஷா."

"ஆரோட இருக்கப் போறீங்கள்?"

இருமல். "அம்மாவோட."

பாய்ந்து கால்களைப் பிடித்தான். கயிறு இழுத்தது. அவனும் இழுத்தான். இருளிலிருந்து கயிற்றின் மறுநுனி சாட்டைபோல் இறங்கி முகத்தில் விழுந்தது. உதடு பிளந்தது. மறுபடி. பல் ஒன்று நாக்கில் உருண்டது. மறுபடி. இடது கண் மூடிக்கொண்டது. விடவில்லை.

ஒரு கை இறங்கியது. படகு நசுக்கிய கை. விரல்கள் இருக்கவேண்டிய திசையில் இல்லை. அது பிள்ளையின் தலையை மெதுவாகத் தடவியது. பிறகு கூந்தலைச் சுற்றிப் பிடித்தது.

"அப்பா, லெட் கோ. இட் ஹர்ட்ஸ்."

தோளில் எதுவோ முறிந்தது. அவனுடையதா, அவளுடையதா?

விடவில்லை.

இடுப்புவரை கறுப்புக்குள் போய்விட்டாள். உப்புத்தண்ணீர் அவள் கால்வழியே வழிந்து அவன் விரல்களை நனைத்தது. பிடி வழுக்கியது. முழங்கால். கணுக்கால். காலுறை.

மதுஷா கடைசியாக "பிள்ளை கவனம்" என்று சொன்னதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அன்ரி அதைக் கேட்டு அழுதார். பேர்கன் ஆஸ்பத்திரியில் அந்த முகத்தைச் சின்னப்பிள்ளைக்குக் காட்டக்கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுக்க, அவன் மகளை வெளியே தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனான். மதுஷா பிள்ளையைக் கேட்டாள். நாளைக்கு என்றான். அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நசுங்கிய தாடையை அசைத்து, தெளிவாகச் சொன்னாள்:

"நீங்கள் கூட்டிக்கொண்டு வராட்டி, நானே வந்து கூட்டிக்கொண்டு போவன்."