பெஞ்சில் பன்னிரண்டாம் எண்

காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல, கேப்டனின் முகத்தைக் கழற்றித் துடைத்தார்கள். வழுவழுப்பான வெள்ளைத் தகடு அது. கேப்டன் ஓர் இயந்திரன். தொடரைப் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தகட்டில் அவரவர் முகமே தெரியும். நாற்பது லட்சம் பேர் தினமும் தங்கள் முகத்தோடு ஒரு பள்ளி வாலிபால் அணியை ஜெயிக்க வைத்தார்கள்.

துணைப் பாத்திரங்களுக்கு மட்டும் இன்னும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள். மாசிலாமணிக்கு வயது முப்பத்தாறு, முகத்தில் ஒட்டிய தோல்வார்ப்பில் பதினேழு. ஆறு வருடமாக அதே பிளஸ் டூ. மாற்று ஆட்டக்காரன், சட்டை எண் பன்னிரண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், புள்ளி கிடைத்தால் கைதட்டுவான்.

வீட்டு மாடியில் தினமும் நூறு சர்வீஸ் போட்டுப் பழகியது அவன் சொந்த விஷயம்.

"ஒரே ஒரு சர்வீஸ், மேடம். இன்னிக்கு ஃபைனல்," என்றான் இயக்குநர் திலோத்தமையிடம்.

"ஆறு வருஷமா இதையேதான் கேக்குற."

"நீங்களும் ஆறு வருஷமா இல்லன்னுதான் சொல்றீங்க."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, போ. பார்வை குறைஞ்சா டி.சி.தான். அப்புறம் வந்து அழக்கூடாது."

தொடரைப் பார்க்கிற எல்லோர் கண்ணிலும் விழிச்சில்லு இருந்தது. யாரை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது உடனுக்குடன் பதிவாகும். பார்வை குறைந்த பாத்திரத்தின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும். பள்ளி டி.சி. கொடுக்கும். நடிகன் வீட்டுக்குப் போவான்.

நேரலை தொடங்கியது. கதைப்படி கேப்டனுக்குக் கால் பிசகியது. மாசிலாமணி எழுந்து போனான். பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தான்.

பந்தைத் திருப்பி எடுக்கும்படிதான் எதிரணி இயந்திரன்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவற்றால் முடியவில்லை. பந்து பின்கோட்டில் விழுந்தது. சக நடிகர்கள் நிஜமாகவே கத்தினார்கள்.

ஒளிபரப்பு முடிந்ததும் திலோத்தமை வந்தாள். "உன்ன ஒருத்தரும் பாக்கல."

"அப்போ டி.சி.யா?"

"அட, கேளுய்யா. அத்தன பேரும் பெஞ்சத்தான் பாத்துட்டு இருந்திருக்காங்க. நீ உட்கார்ற எடம் காலியா இருந்துச்சே, அத."

"அதுல என்ன இருக்கு?"

"அவங்களும் வீட்டுல உட்கார்ந்துதான பாக்குறாங்க. கூட உட்கார்ந்திருந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான்ல? பொறுக்கல. 'அவன உட்காரச் சொல்லுங்க'ன்னு எட்டாயிரம் புகார். உனக்குப் பத்து வருஷ ஒப்பந்தம் தரச் சொல்லி சேனல்ல சொல்லிட்டாங்க. நீ எந்திரிக்கவே கூடாது."

மாசிலாமணி யோசித்தான். "உட்கார்றேன். ஆனா பேக்கப் ஆனதும் கோர்ட்ட ஒரு மணி நேரம் எங்களுக்கு விடணும்."

"எதுக்கு?"

"விளையாட."

"கேமரா இல்லாமயா? யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க வேணாம், மேடம்."

அன்று மாலை கேப்டனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு துணை நடிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். மாசிலாமணி போட்ட முதல் சர்வீஸ் வலையில் மாட்டியது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். அவனுக்கு அதுவும் பிடித்திருந்தது.

தரை துடைக்க வந்த செங்கமலம் துடைப்பானைச் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா, அந்தப் பக்கம் ஒரு ஆள் குறையுது," என்றான் மாசிலாமணி.

"ஐயோ, எனக்கெதுக்கு தம்பி அதெல்லாம்?" அவள் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள். "நீங்க ஆடுங்க. நான் பாக்குறேன்."

ஒரே வாரத்தில் பெஞ்ச் நிறைந்துவிட்டது. விளக்குக்காரர்கள், ஒப்பனைக்காரர்கள், கடைசியாகத் திலோத்தமையும். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் ஒரு ஆள் குறைந்தது.