சோற்றில் நட்ட குச்சிகள்

"எடு நமியே. எடுன்னா எடு..."

"மாட்டேன்க்கா. ரெண்டு வருஷமா நீ..."

"அவர் சாகலை."

"அப்ப எங்க இருக்காராம்? ஒரு கடுதாசியாவது போட்டாரா அத்தான்?"

பேருந்து டியூலிப் வயல்களைத் தாண்டி மலையேறிக்கொண்டிருந்தது. இட்சுயேவுக்குப் பக்கத்துச் சன்னலோர இருக்கை காலி. இரண்டு வசந்தங்களுக்கு முன் இதே மலைக்கு வந்து திரும்பாத கணவர் ஷூஸோவுக்காக அவள் பிடித்து வைத்த இடம் அது. உடல் கிடைக்கவில்லை. வெளியூர் போனவருக்குப் பசிக்கக்கூடாதென்று வீட்டில் ஒரு பங்கு எடுத்து வைப்பார்களே, அப்படி வேளை தவறாமல் வைத்து வந்தாள். இன்றும் அந்த இருக்கையில் அவருக்கொரு சாப்பாட்டுப் பெட்டி. தங்கை நமியே நடைவழிக்கு அந்தப்புறமிருந்து எட்டி, அதன் சோற்றில் சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் செங்குத்தாக நட்டுவிட்டாள். செத்தவர்களுக்கு மட்டும்தான் அப்படி நடுவது.

இட்சுயே பிடுங்கினாள். சோற்றில் இரண்டு துளைகள்.

ஒரு தரமாவது அழுதுவிடு என்றாள் நமியே. அழுகை வரவில்லை. கோபமும் போய்விட்டது.

பனியை வெட்டிப் போட்ட சாலைக்குள் வண்டி நுழைந்ததும் இருபுறமும் வெள்ளைச் சுவர் எழும்பி, வெளிச்சம் நீலமாகி, யாரோ உரித்த ஆரஞ்சுத் தோலின் மணமும் எஞ்சின் இரைச்சலும் பஞ்சுக்குள் அமுங்கியதுபோல் மெல்ல மெல்ல அடங்கின. வழிகாட்டிப் பெண் வெள்ளைக் கையுறை விரலால் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்தொரு பேர் வந்த வண்டி. முப்பத்திரண்டில் நின்றாள். பூவைப் பார்த்த மயக்கம் என்று சிரித்தாள்.

"வழியில யாரையாவது ஏத்திட்டியாம்மா?" என்றார் பின்னாலிருந்த கிழவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு.

யாரும் சிரிக்கவில்லை.

நனைந்த கம்பளி வாடை. சன்னல் பக்கமிருந்து. கண்ணாடியின் உட்புறம் பனி பூத்தது. இட்சுயே திரும்பவில்லை. எதிரே நமியேவின் வாய் திறந்திருந்தது. இட்சுயேவின் இடது கையில் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. வலியுமில்லை.

வழிகாட்டிப் பெண் அவர்கள் வரிசைக்கு வந்து குனிந்தாள். பயணிகளுக்கென்றே வைத்திருக்கும் அதே பணிவான சிரிப்பு. இட்சுயேவைத் தாண்டி சன்னலோரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, அம்மா கையைக் கொஞ்சம் விடுங்க. நீலம் பாரிச்சுப்போச்சு பாருங்க."