கூடுதலாக ஒரு கருவி

கொள்முதல் ஆணையில் பதினொன்று. அலுவலகச் சுவர்களில் பன்னிரண்டு. முகம் பார்த்து வருகையைப் பதியும் கருவிகளைத் தணிக்கைக்காரி மூன்று முறை எண்ணிவிட்டாள். மூன்று முறையும் ஒன்று கூடுதலாகவே வந்தது. டெண்டர் இல்லாமல், ஆணை இல்லாமல், வரிசை எண்கூட இல்லாமல், வராந்தாக் கடைசியில், கதவே இல்லாத வெற்றுச் சுவரில் அது மாட்டியிருந்தது. குறைந்திருந்தால் எவனோ சுருட்டிவிட்டான் என்று எழுதலாம். கூடியிருந்தால் என்னத்தை எழுதித் தொலைப்பது?

விடுமுறை நாளின் மத்தியானம். பூட்டிய அறைகளுக்குள் பழைய காகிதம் புழுங்கும் வாசனையும், நிறுத்த மறந்த ஏதோ ஒரு மின்விசிறியின் கிறீச்சொலியும் வராந்தா முழுக்க அவள் பின்னாலேயே வந்தன. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு மாதம் முன்பு இதே கொள்முதல் கோப்பைத் தணிக்கை செய்ய வந்த அக்கா வீடு திரும்பவில்லை. தானாக எங்காவது போயிருப்பாள் என்று போலீஸ் கைவிரித்துவிட்டது. அம்மா இன்னும் வாசல் கதவைத் தாழிடுவதில்லை. அக்காவைத் தேடத்தான் இந்த வேலையை இவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து: ‘கூடுதலாக ஒரு கருவி. இருப்பில் சேர்க்க’. அதோடு நின்றிருந்தது. அதே வரியை எழுத, அதன் கீழே இவள் பேனாவை வைத்தாள்.

“அத எழுதாதீங்க மேடம்,” என்றார் சாவிக்கொத்தோடு நின்ற கிடங்குக் காப்பாளர். “அது நாங்க வாங்கினதில்ல. கணக்குல ஏறாத வரைக்கும் சும்மா கெடக்கும்.”

பூச்சாண்டி காட்டுகிறாரே என்று அவளுக்கு எரிச்சல். எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அவர் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

எதிரே, வெற்றுச் சுவரில் இருந்த அந்தக் கருவி விழித்தது. திரையில் அவள் முகம். முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம். தோளுக்குப் பின்னால் இன்னொரு கட்டம். அதற்குள் முகமில்லை. வெறும் வராந்தா. கீழே அக்காவின் பெயர்.

பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது, பாவம்.

“அக்கா?”

கட்டம் நெருங்கியது.

“வருகை பதிவானது,” என்றது கருவி.

இருட்டு. தடவினாள். சுவர். நாலாபக்கமும் சுவர். அந்தப் பக்கம் சாவிக்கொத்தின் சத்தம். கிடங்குக் காப்பாளர் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணா? அவங்க அப்பவே கெளம்பிட்டாங்களேம்மா.”

கத்த வாய் திறந்தாள். ஒரு கை வந்து பொத்தியது. சில்லென்ற கை. அக்காவின் மோதிரம் உதட்டில் அழுந்தியது. அக்காதான். அழுகை பொங்கியது. அந்த விரல்களைப் பற்றிக்கொண்டாள். பற்றப் பற்ற, ஐந்தைத் தாண்டியும் விரல்கள் வந்துகொண்டே இருந்தன.