இருந்து பார்க்காத விடியல்

"அம்மா, அந்த ஆளுக்குக் கிட்டப் போகாதேங்கோ. றோட்டு வேலையில இருந்து நேர இறங்கி வந்தவன் மாதிரி நிக்கிறான்… தார் மணக்கும்."

ஜெசிக்கா சொன்னது அவ்வளவுதான். சொன்ன இடம் சீனாய் மலையடிவாரம். நேரம் இரவு ஒன்றரை. சுற்றிவர ரஷ்யர்கள், கொரியர்கள், பிரேசில்காரர்கள்… நியூசிலாந்தின் ஓக்லாந்திலிருந்து யாத்திரை வந்த தங்கள் இருபத்திரண்டு பேரை விட்டால் இந்தப் பாலைவனத்தில் யாருக்குத் தமிழ் விளங்கப்போகிறது என்ற துணிச்சல்.

அந்த ஆள் என்பது அவளுக்கு ஒரு முதுகு மட்டும்தான். வீதி வேலைக்காரர் போடுகிற செம்மஞ்சள் ஜக்கெற். அதில் இரண்டு வெள்ளிப் பட்டிகள். யாருடைய ரோச் வெளிச்சமாவது பட்டால் பட்டிகள் பளிச்சென்று எரியும், பிறகு அணையும். மற்றவர்கள் இதற்கென்றே வாங்கிய புது உடுப்பில் நிற்க, இவன் மட்டும் வேலைக்கு வந்தவன்போல் நின்றான்.

அம்மா விக்ரோறியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதுகு திரும்பவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. அவளை ஒட்டகத்தில் ஏற்றிவிட்டு ஜெசிக்கா பக்கத்தில் நடந்தாள். ஒரு மணித்தியாலத்தில் அவளுடைய போன் வெளிச்சம் குளிரில் செத்துப்போனது. மேலே அள்ளிக் கொட்டினது மாதிரி நட்சத்திரங்கள்… கீழே கால் வைக்கிற இடம் தெரியாத இருட்டு. முன்னால் அந்த இரண்டு பட்டிகள் மட்டும் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவசரமில்லாத நடை. பாரம் தூக்கிப் பழகியவர்கள் நடக்கிற நடை. மூச்சு வாங்கி அவள் நின்றால் பட்டிகளும் நின்றன. முதல் தரம் தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாம் தரமும்… மூன்றாம் தரம் வேண்டுமென்றே நின்று பார்த்தாள். பட்டிகளும் நின்றன. யார் இவன், பின்னால் ஒருத்தி வருகிறாள் என்று முதுகாலேயே கண்டுகொள்கிறவன்…

ஒட்டகப் பாதை முடிகிற இடத்தில் தேத்தண்ணிக் கொட்டில். அதற்கு மேல் எழுநூற்றைம்பது கற்படிகள். அம்மா இறங்கி மர வாங்கில் இருந்துவிட்டாள்.

"நான் இதோட சரி பிள்ளை. நீ மேல போய் என்ர மன்றாட்டையும் சேத்துச் சொல்லு."

அந்த மன்றாட்டு என்னவென்று ஜெசிக்காவுக்குத் தெரியும். மெல்பேர்னில் ஒரு கணக்காளர் மாப்பிள்ளை. பெப்ரவரி கடைசியில் பெண் பார்க்க வருகிறார்கள்.

படிகளில் பாதி ஏறியிருப்பாள்.

"இடது காலை அதில வையாதேங்கோ. அந்தக் கல்லு ஆடும்."

தமிழ். செம்மஞ்சள் ஜக்கெற்றின் உள்ளேயிருந்து வந்த தமிழ். ஜெசிக்கா தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள்.

"நீங்கள்… தமிழா?"

"ஓம். தார் மணக்கிற தமிழ்."

இந்த மலை அப்படியே பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் நல்லது என்று அவளுக்கு இருந்தது.

"அப்ப… எல்லாத்தையும் கேட்டுக்கொண்டே வந்தீங்கள்?"

"மூண்டு மணித்தியாலம். பாதி உங்கட அம்மாவோட சண்டை. மிச்சம் மூச்சிரைப்பு."

"சொறி."

"பொய் சொல்லேல்லையே. மணக்கிறதுதான். எத்தினை தரம் தோய்ச்சாலும் போகாது. வேணுமெண்டா பாருங்கோ." கையை நீட்டினான். அவள் மணந்தும் பார்த்துவிட்டாள். தார்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

"எங்கயிருந்து வாறீங்கள்?"

"ஊர் மன்னார். இப்ப ரானுயி."

"எந்த ரானுயி? ஓக்லாந்து ரானுயியோ?"

"உலகத்தில எத்தினை ரானுயி இருக்கு?"

"நான் பிளாட் புஷ்."

அவன் முதல் தடவையாக முழுசாய்த் திரும்பினான். "முக்கால் மணித்தியாலக் கார் ஓட்டம். அதுக்கு எகிப்துக்கு வரவேண்டிக் கிடந்திருக்கு."

யாரோ ஒருவருடைய ரோச் அவன் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. ஒரு கணம்தான். கண் இமைகளில் தூசி. நித்திரையைப் பல வருடமாய் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தவனின் கண்கள்… ஆனால் அதற்குள் ஒரு குறும்பு விழித்திருந்தது.

உச்சியில் காற்று முகத்தை அறுத்தது. பாறை ஓரமாய் இருவர் இருக்கக்கூடிய ஒரு பள்ளம். அவளுடைய பற்கள் அடித்துக்கொண்டன. அவன் ஜக்கெற்றைக் கழற்றி நீட்டினான்.

"உங்களுக்குக் குளிராதா?"

"கொதிதாருக்குப் பக்கத்தில நிண்டு பழகினவன். குளிராது."

"பொய்."

"பொய்தான். போடுங்கோ."

போட்டுக்கொண்டாள். அவனுடைய சூடு இன்னும் உள்ளே இருந்தது. அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"யாத்திரையோ?"

"லண்டனில தங்கச்சியின்ர கலியாணம். திரும்பிப் போற வழியில இறங்கினனான்." கிழக்கைப் பார்த்தான். "நான் மோட்டர்வேயில ராத்திரி வேலை. ஒன்பது வருஷம். விடியிறதை எத்தினையோ தரம் கண்டிருக்கிறன். ஆனா எங்களுக்கு விடியிறதெண்டா, றோட்டை மறிக்க வைச்ச கோன் எல்லாத்தையும் அடுக்கி லொறியில ஏத்து, றோட்டைத் திற எண்டதுதான். ஒருநாளும் இருந்து பாத்ததில்லை. ஒருக்கா இருந்து பாப்பமெண்டு வந்தனான்."

தொடுவானத்தில் ஒரு செம்பு நிறக் கோடு விழத் தொடங்கியது. மடிப்பு மடிப்பாய் மலைகள் இருட்டுக்குள்ளிருந்து கழன்று வந்தன. அவனுடைய தோள் அவளுடைய தோளுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது… அந்த ஒரு விரல் தூரம் அவளுக்கு மிகப் பெரிதாய்த் தெரிந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து வழிகாட்டி ஒருவன் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தான். கொட்டிலில் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறதாம்.

அவள் எழும்பினாள். அவனும் எழும்பினான்.

"நீங்கள் இருங்கோ. இதுக்குத்தானே வந்தீங்கள். இன்னும் பத்து நிமிஷம்தான்…"

அவன் கிழக்கை ஒருதரம் பார்த்தான். பார்த்ததை அவள் கண்டாள்.

"உங்கட போன் செத்துப்போச்சு. படியில விழுந்தா ஆர் தூக்கிறது? வாங்கோ."

அவன் ஒரு படி கீழே, அவள் அவன் தோளில் கைவைத்து ஒரு படி மேலே. அப்படியே இறங்கினார்கள். நடுவில் எங்கேயோ, மலைக்கு மறுபக்கத்தில், சூரியன் வந்துவிட்டது. உச்சியில் கைதட்டல் கேட்டது. இவர்கள் நின்றது மலை நிழலில். தலைக்கு மேல் ஒரு பாறையின் நுனி மட்டும் சிவந்தது.

அம்மாவுக்குப் பெரிதாய் ஒன்றுமில்லை. குளிரும் வாயுவும். அவன் அவளுடைய சப்பாத்தைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்துவிட்டான், சுடுதேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான், ஒட்டகம் நிற்கிற இடம் வரை முதுகில் தூக்கிக்கொண்டு போனான்.

"தம்பி என்ன செய்யிறீங்கள்?" என்று அம்மா கேட்டாள்.

"றோட்டு வேலை, அன்ரி."

அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

குறூப்பில் வந்தவர்கள் ஒவ்வொருவராய் இறங்கி வந்து கூடினார்கள். யாத்திரையை ஒழுங்கு செய்த வின்சென்ற் அங்கிள் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இது? தெரிஞ்ச பெடியனோ?"

இருபத்தொரு சோடிக் கண்கள். அம்மாவின் கண்ணும் அதில் ஒன்று.

"இல்லை அங்கிள்… ஆரெண்டு தெரியாது. வழியில உதவி செய்தவர்."

அவன் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றான். அவளை ஒருதரம் பார்த்தான். அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். தலையை மெல்ல ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

ஜக்கெற் இன்னும் தன் மேலேதான் இருக்கிறது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவனுடைய பெயரைக்கூட அவள் கேட்டிருக்கவில்லை. அதையே சாட்டாக வைத்துக்கொண்டு, ஆரெண்டு தெரியாதது உண்மைதானே என்று கெய்ரோ வரைக்கும் தன்னைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை.

ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

ஓக்லாந்து முழுக்கச் செம்மஞ்சள் ஜக்கெற் போட்டிருந்தது. குழாய் பதிப்பவன், மரம் வெட்டுபவன், பஸ் நிறுத்தம் கழுவுபவன்… ஒவ்வொரு முதுகையும் பார்த்துக் காரை மெதுவாக்கிப் பின்னால் வருபவர்களிடம் ஹோர்ன் வாங்கினாள். ஒடாஹுஹுவில் அவள் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு ஒரு வீதி வேலைக்காரன் வந்தால் கை தானாய் நின்றது. ஒருவனும் அவன் இல்லை.

உண்மையைச் சொன்னால், தேடவே தேவையில்லை. ஜக்கெற்றின் நெஞ்சுப் பக்கத்தில் கொம்பனியின் பெயரும் போன் நம்பரும் பெரிதாய் அச்சடித்திருந்தது. கொலரின் உள்பக்கத்தில் கறுப்பு மையால், வேறு யாரும் மாறி எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, தமிழில் எழுதியிருந்தது. ஜூலியன். அவள் அந்த நம்பரை நாலு தரம் அடித்து, நாலு தரமும் வைத்துவிட்டாள். என்ன சொல்லிக் கேட்பது… ஆரெண்டு தெரியாத ஒருவரைத் தரச் சொல்லியா?

ஜக்கெற் அவளுடைய அறைக் கதவில் தொங்கியது. அம்மா அதைத் தாண்டிப் போவாள், வருவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். வியாழக்கிழமைதான் வாய் திறந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ன் ஆக்கள் வருகினம். அதைக் கதவில இருந்து எடு."

"ஏன்?"

"அவையள் கண்டு கேட்டா, ஆற்றையெண்டு சொல்லுவாய்?"

அந்தக் கேள்வி அவளை இரவு முழுக்கப் படுக்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்தாம் தரம் நம்பரை அடித்தாள். வைக்கவில்லை. எடுத்த பெண் சாதாரணமாய்ச் சொன்னாள், ஜூலியனின் குழு இந்தக் கிழமை முழுக்க ஒடாஹுஹுவில்தான், காலை ஆறு மணி வரைக்கும் வேலை. மருந்துக்கடைக்கு அடுத்த சந்தி. ஐந்து நாளாய் அவன் இரவில் போட்ட தாரின் மேல் இவள் பகலில் கார் ஓட்டியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. தூறல். இன்னும் இருட்டு. கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேரில் அவனை அவளுக்கு உடனே தெரிந்தது. முகம் தெரியவில்லை. அந்த முதுகு தெரிந்தது.

"ஜூலியன்."

திரும்பினான். அவளையும், அவள் போட்டிருந்த ஜக்கெற்றையும் பார்த்தான்.

"சட்டை தர வந்தனான்."

"தபாலில போட்டிருக்கலாம்."

"எனக்கு அட்ரஸ் தெரியாது."

"உங்களுக்கு ஆரெண்டே தெரியாதே."

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

"பேர் தெரியும். கொலரில இருக்கு."

"அது சட்டையின்ர பேர்."

தூறல் கனத்தது. அவன் கையில் இரண்டு கோன்கள் இருந்தன. கீழே வைக்கவுமில்லை, ஏற்றவுமில்லை.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை, ஜூலியன். எனக்கு வெக்கமா இருந்தது… எல்லாரும் பாத்தவை. ஏழு கிழமையா அந்த ஒரு சொல்லு என்னைத் தின்னுது."

"வெக்கம் எனக்குப் பழக்கம்," என்றான். "என்ர வேலையைச் சொன்னவுடன ஆக்களின்ர முகம் எப்பிடி மாறுமெண்டு தெரியும். உங்களிட்ட மட்டும்… அதை எதிர்பாக்கேல்லை. அவ்வளவுதான்."

அவள் அழவில்லை. அழுதால் அவன் ஆறுதல் சொல்லவேண்டி வரும், அது சரியில்லை என்று நினைத்தாள். வீதிக்கு அந்தப் பக்கம், வீடுகளுக்குப் பின்னால் எழும்பி நின்ற சின்ன மலையைக் காட்டினாள். எப்போதோ நெருப்புக் கக்கி அணைந்த மலை. இந்த மண்ணின் மக்களுக்கு அது மூதாதையர்.

"விடியப்போகுது. இருந்து பாப்பமா?"

"இந்த மழைக்குள்ள என்ன சூரியன்?"

"சூரியனை ஆர் கேட்டது? இருப்பமோ எண்டுதான் கேட்டனான்."

அவன் கண்ணில் அந்தப் பழைய குறும்பு ஒரு நொடி விழித்தது. கோன்களை லொறியில் ஏற்றிவிட்டு, மேற்பார்வையாளரான தொங்காத் தீவுக்காரரிடம் போய் ஏதோ சொன்னான். அவர் ஜெசிக்காவையும் அவள் ஜக்கெற்றையும் பார்த்துவிட்டு, அரை மணித்தியாலம் என்று விரலால் காட்டினார்.

பத்து நிமிட ஏற்றம். ஈரப் புல்லில் அவள் இரண்டு தரம் வழுக்கினாள். இரண்டாம் தரம் பிடித்த கையை அவன் விடவில்லை. சரிவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கிழக்கே சாம்பல் நிறம், அதற்கு மேல் இன்னும் சாம்பல் நிறம். கீழே அவன் போட்ட வீதி கறுப்பாய் நனைந்து மினுங்கியது.

போன் அடித்தது. அம்மா.

"விடியக் காத்தால எங்க போய் நிக்கிறாய்?"

"ஒடாஹுஹுவில, அம்மா. மலையில."

"ஆரோட?"

ஜூலியன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். கேட்காததுபோல் இருக்கப் பார்க்கிறான்… அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஜூலியனோட. உங்களை முதுகில தூக்கினவர். றோட்டு வேலை செய்யிறவர். எனக்குத் தெரிஞ்சவர் அம்மா… எனக்கு விருப்பமானவர்."

மழைதான் கேட்டது.

"மழை பெய்யுதோ அங்க?"

"ஓம்."

"அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறியோ?"

"ஓம்."

"அப்ப அவன்?"

ஜெசிக்காவின் குரல் உடைந்தது. "அவரிட்ட வேற ஒண்டு இருக்கு, அம்மா."

"ம்… மெல்பேர்ன் ஆக்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல…" என்று முணுமுணுத்துக்கொண்டு அம்மா போனை வைத்தாள்.

அவன் இன்னும் மற்றப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ."

"அண்டைக்கு நான் சட்டையை மறந்துபோய் விட்டிட்டு வரேல்லை. தெரிஞ்சுதான் விட்டனான்."

"ஏன்?"

"அதில நம்பர் இருந்தது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மழைநீர் இமையில் நின்றது. தூசி நின்ற அதே இமை.

"ஆரெண்டு தெரியாது எண்டு நான் சொன்ன பிறகுமா?"

"அதுக்குப் பிறகும்தான்… ஏழு கிழமையா ஒப்பீசில போய்க் கேட்டுக்கொண்டு இருக்கிறன், ஆரும் என்னை விசாரிச்சு எடுத்தவையோ எண்டு. எல்லாரும் என்னைப் பகிடி பண்ணுறாங்கள்."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் அவன் தோளில் முகத்தைப் புதைத்துச் செய்தாள். தார் மணந்தது.

சூரியன் வரவேயில்லை. சாம்பல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய் வெளுத்தது. கீழே லொறியின் ஹோர்ன் ஒருதரம் அடித்தது. பிறகு இன்னொரு தரம்.

ஜூலியன் எழும்பவில்லை.