அரம் தொடாத கார்

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள் அந்தக் காரை. முன் கண்ணாடியில் விரிசல், கதவெல்லாம் துரு, பின் சீட்டுக்குள் எலி வைத்த கூடு. தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்த தையலக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏங்க, கார் வாங்கப் போறேன்னுதானே சொன்னீங்க? இது என்ன, காரோட எலும்புக்கூடா?"

"சிரி, சிரி. இதுலயே உன்னை உட்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டறேன் பாரு," என்றார் கம்பவுண்டர்.

அக்கம்பக்கத்தில் இருவருக்கும் அந்தப் பெயர்கள்தான். அவர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான் குடும்பம். நெஞ்சுவலி வந்து பிழைத்து எழுந்ததிலிருந்து மனிதர் சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோறு இறங்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று நச்சரித்தவள் அவள்தான். அதை நினைத்து நினைத்துப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள், பாவம்.

அந்த மாடல் காரைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. சாமானுக்காகத் தேடாத கடையில்லை. கடைசியில், ஊருக்கு வெளியே பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒரு யார்டில் அதே மாடல் ஒன்று நிற்பதாகத் தெரிந்தது. யார்டுக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பழைய பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் நல்ல பாகத்தைக் கழற்றித் தருவார். கழற்றிய இடத்திலேயே பழையதை வைத்து இரண்டு போல்ட் முடுக்கிவிடுவார்.

"வெறும் கூடா நின்னா எடை தேறாதும்மா. வண்டியை நசுக்குற பிரஸ்ல போடுற அன்னைக்கு எனக்கு எடைதானே கணக்கு," என்றார்.

இதயம் பலவீனமான கம்பவுண்டர் கனம் தூக்கக் கூடாது. ஆகவே கழற்றிய பாகங்களை வெட்டுத் துணியில் சுற்றி, பஸ் ஏறி, தையலக்காவே கொண்டுபோனாள். முதலில் போனது ஸ்டியரிங். அவர் நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்துப் பார்த்த, தேய்ந்துபோன அதை யார்டுக்காரர் வாங்கி, அந்த இன்னொரு காரில் மாட்டினார். அதிலிருந்து கழற்றியதை இவளிடம் கொடுத்தார். சில்லென்று இருந்தது. வெயிலில் நின்ற வண்டியில் இருந்து வந்த சாமான் எப்படிச் சில்லென்று இருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்! அரமே தேவைப்படல!" என்று ஷெட்டிலிருந்து கூவினார் கம்பவுண்டர்.

வேறு வண்டிச் சாமான் என்றால் இங்கே கொஞ்சம் ராவ வேண்டும், அங்கே ஒரு வாஷர் கொடுக்க வேண்டும். இதுவோ தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரே வண்டியிலிருந்துதான் எல்லாம் வர வேண்டும், பத்து வண்டிச் சாமானைச் சேர்த்துக் கதம்பம் கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துப் பல நாளாகிவிட்டிருந்தது. அவளும் சரி என்றாள்.

மறுநாள் காலை அவர் சவரம் செய்வதைக் கதவோரம் நின்று பார்த்தாள்.

ரேசர் இடது கையில் இருந்தது.

"என்னங்க, புதுப் பழக்கம்?"

"எது?" என்றார். கையைப் பார்த்தார். பிறகு அதே கையால் மிச்சத்தையும் வழித்து முடித்தார், ஒரு கீறல் விழாமல்.

முன் விளக்குகளை மாற்றிய வாரம் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பொடி எழுத்தெல்லாம் சரளமாகப் படித்தார். கண் நன்றாகிவிட்டதே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கண்கள் அவளைப் பார்த்த விதம் பிடிக்கவில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவளைப் பார்ப்பதுபோல, மரியாதையாக, யாரென்று தெரியாமல் பார்த்தார். சீட்டுகளை மாற்றிய பிறகு வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. ஏரிக்கரைச் சேற்று வாடை. பினாயில் ஊற்றிக் கழுவினாள், சாம்பிராணி போட்டாள். போகவில்லை. வாடை ஷெட்டிலிருந்து வரவில்லை. அவர் தலையணையிலிருந்து வந்தது.

தலையணை ஈரமாக இருந்தது.

கடைசியாக ஹாரன். அதையும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஷெட்டில் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், டீ இருக்கா?"

அவள் கையிலிருந்த துணி நழுவியது. விளையாட்டு என்று நினைக்கக்கூட முடியவில்லை. குரல் அவருடையது இல்லை. கனத்த, நிதானமான குரல். இத்தனை வருடத்தில் "ஏம்மா" என்பதைத் தவிர அவர் அவளை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"ஸ்கூல் விட்டு வந்து ரொம்ப நேரமாச்சா டீச்சர்? நான் வர்றதுக்குத்தான் நேரமாயிடுச்சு. ரோடெல்லாம் தண்ணி," என்றார்.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யார்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தக் கார் யாரோடது?" என்று கிசுகிசுத்தாள்.

"ஏன்மா, என்ன ஆச்சு?"

"சொல்லுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

யார்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யாரோ ஒருத்தர்மா. டீச்சர் வேலை பார்த்த சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போனாராம், மழையில. வண்டி ஏரியில இறங்கிடுச்சு. வண்டியைத் தூக்கிட்டாங்க. ஆள் மட்டும் கிடைக்கல. இதெல்லாம் சொன்னா யார் சாமான் வாங்குவாங்க, நீங்களே சொல்லுங்க?"

யார்டுக்காரரின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். நெஞ்சுவலிக்குப் பிறகு ராத்திரியெல்லாம் அவள் கேட்டுக் கேட்டுத் தூங்கிய இருமல்.

"ஏம்மா..."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கூப்பிட்டது யார்டுக்காரர் இல்லை.

"அண்ணே, பின்னாடி யாரு?"

"யாரும் இல்லையே. ஆளுங்கெல்லாம் கிளம்பிட்டாங்க. அந்தப் பக்கம் உங்க சாமான் மாட்டின வண்டி மட்டும்தான் நிக்குது."

ஒவ்வொன்றாக அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கையை, கண்ணை, குரலை, வெட்டுத் துணியில் பத்திரமாகச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு. சண்டாளி, சண்டாளி என்று தன்னையே அறைந்துகொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்தாள். கொடுத்ததை வாங்க முடியுமே. எல்லாம் அங்கேதானே இருக்கிறது.

"அண்ணே, என் பழைய சாமான் அத்தனையும் திருப்பி வேணும். காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன். அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது, கேட்டுதா?"

"இருக்கும்மா, எங்க போயிடப் போகுது?" என்றார் அவர்.

அன்று இரவை அவள் எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. விடிந்ததும் ஷெட்டுக்குப் போய் ஸ்பேனரை எடுத்தாள். ஸ்டியரிங்கும் விளக்கும் அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. ஹாரனைத்தான் சுலபமாகக் கழற்ற முடிந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றலாம் என்று வயரைப் பிடுங்கினாள்.

சேற்று வாடை அடித்தது.

திரும்பினாள். அவர் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. குரல் வரவில்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொப்புளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கெஞ்சுவதுபோல இடது கையை நீட்டினார்.

ஹாரனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

யார்டு வாசலில் யார்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, வண்டி?"

"நான் சொல்றதைக் கேளுங்கம்மா. நான் வர்றதுக்குள்ள ஆளுங்க..."

"வண்டி எங்கண்ணே?"

"விடியறதுக்கு முன்னாடியே ஆளுங்க வந்துட்டாங்கம்மா. வண்டிக்குள்ள யாரோ இருமுறாங்க, 'ஏம்மா, ஏம்மா'ன்னு கூப்பிடறாங்கன்னு ஒரே ரகளை. எட்டிப் பார்த்தா ஆள் இல்லையாம். அது நின்னா நாங்க வேலைக்கு வர மாட்டோம்னு பயந்துபோய், நான் வர்றதுக்குள்ள பிரஸ்ல போட்டுட்டானுங்க."

அவர் கைகாட்டிய பக்கம், பிரஸ் மிஷினுக்குப் பக்கத்தில், ஒரு இரும்புக் கட்டி கிடந்தது. ஒரு பெரிய ட்ரங்குப் பெட்டி அளவுதான். மடங்கிய தகரங்களுக்கு நடுவே, தேய்ந்த ஸ்டியரிங் ஒன்றின் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

மெல்ல நடந்து போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். பையிலிருந்து ஹாரனை எடுத்து, எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அந்தக் கட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். இந்தப் பக்கம் இடமில்லை. அந்தப் பக்கமும் இல்லை.

"பிரிச்சுக் குடுங்கண்ணே," என்றாள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எப்படியாவது பிரிச்சுக் குடுங்க."

"பிரஸ்ல போட்டதை எப்படிம்மா பிரிக்கிறது?" யார்டுக்காரர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வெளியே சாலையில் ஒரு வண்டி வந்து நின்றது.

வாசல் வழியாகப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக் கார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், இன்ஜின் சத்தமே இல்லாமல் நின்றிருந்தது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுபவர் இருக்கையில் அவள் கணவரின் உடம்பு உட்கார்ந்திருந்தது. சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி. இடது கை நீண்டு பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்துவிட்டது. டீச்சரை வீட்டுக்குக் கூட்டிப் போக வந்திருக்கிறார்.

அவருக்குக் குரல் இல்லை. அவர் காத்திருந்தார்.

தையலக்கா இரும்புக் கட்டியின் மேல் கன்னத்தை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல. காதை இன்னும் அழுத்தினாள். உள்ளே, வெகு உள்ளே, மூச்சு விட முயலும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, போயிடாத," என்றது அது. "இங்க நகர இடமே இல்ல."