உப்புப் போட்ட குழி

அப்புசாமி குழியிலிருந்து காலை எடுத்தபோது, சேற்றில் மாட்டிய எருமை காலை உருவுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவருடைய மருமகள் செல்வப்பிரியா காப்பி டம்ளரோடு அப்படியே நின்றாள். குழியில் சேறு இல்லை. நேற்றுச் சாயங்காலம் ஊற்றிய தண்ணீரை மண் நேற்றே குடித்துவிட்டது. இப்போது கிடந்தது வெடித்துப் பொருக்குத் தட்டிய சித்திரை மாதத்து மண். அவர் அவ்வளவு நேரம் நின்ற தடம்கூட அதில் இல்லை. பின்னே எது அவர் காலைப் பிடித்து வைத்திருந்து, மனசில்லாமல் விட்டது?

"மாமா, சத்தம் கேட்டுதுங்களா?"

"மட்டை ஏதாச்சும் உழுந்திருக்கும் அம்மிணி," என்று அவர் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினார்.

அதுவே அவளுக்குப் புதுசு. காப்பி உள்ளே போகும்முன் அந்த மனிதர் சிரித்ததை, அவள் இந்தப் பெருமாட்டி ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. சர்க்கரை வியாதி, பூசணிக்காய் மாதிரி வீங்கிய கால், தூக்கமில்லாத ராத்திரி. எழுந்ததுமே யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் கொழிஞ்சாம்பாறையில் நடந்த இயற்கை வைத்திய முகாம். வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு வைத்தியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, செருப்பு வந்த நாளிலிருந்துதான் மனுசனுக்கு வியாதி வந்தது என்று ஒரே போடாகப் போட்டாராம். வெறுங்காலோடு மண்ணில் நின்றால் பூமி உடம்பிலிருக்கிற வீக்கத்தையும் வலியையும் இழுத்துக்கொள்ளுமாம். மண் ஈரமாக இருக்க வேண்டும், கொஞ்சம் உப்பு கலந்திருந்தால் இன்னும் விசேஷம். அப்புசாமி ஊர் வந்து சேர்வதற்குள் இடத்தை முடிவு செய்துவிட்டார்.

தோப்பில் ஒரு தென்னை வாடல் நோயில் போயிருந்தது. அதைத் தூரோடு பிடுங்கி, பக்கத்திலேயே புதுக்கன்றுக்குக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் குழியைச் சும்மா வெட்டிப் போடுவதில்லை. அடியில் கல்லுப்பும் சாம்பலும் போட்டு, மேல்மண் தள்ளி, தண்ணீர் விட்டு ஆற வைப்பார்கள். கன்றை ஆழத்தில் வைத்து, அது வளர வளரக் குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருவார்கள். எல்லாம் தயாராக இருந்தது, கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து வரவேண்டிய கன்றுதான் வரவில்லை. ஈரம், உப்பு, நிழல் மூன்றும் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறெங்கே போவது என்று அப்புசாமி அதில் இறங்கி நின்றுகொண்டார். நடுவதற்கென்று பக்குவம் பண்ணிய குழியில் ஒரு மனுசன் போய் நிற்கலாமா என்று வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செல்வப்பிரியாவுக்கும்தான்.

அவளுக்கு வந்த பயமே அது வேலை செய்ததால்தான். ஒரே வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆசுபத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று நர்ஸே ஆச்சரியப்பட்டார். அப்புசாமி படுத்தால் பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கினார். "பாத்தியா, ஊசி மாத்திரையெல்லாம் சுத்தப் பித்தலாட்டம்," என்று அவள் புருசன் சிவப்பிரகாஷ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். டிராக்டர் ஓட்டி ஓட்டி இடுப்பொடிந்து கிடந்தவன், கொஞ்ச நாளில் அவனும் வரிசையில் அடுத்ததாக ஒரு குழி வெட்டிக்கொண்டான். அதிலும் உப்புப் போட்டான்.

வீட்டுக்குள் ஒரு வாசனை வரத் தொடங்கியது. முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை. நல்ல வாசனைதான். ஆனால் வானத்தில் மேகப் பொட்டு இல்லாமல், ஜன்னல் கம்பி சுடுகிற வெயிலில், அடுப்படியிலும் பீரோவுக்குள்ளும் தலையணையிலும் அது வந்து உட்கார்ந்துகொண்டால் அதை நல்ல வாசனை என்று யார் சொல்வது? புருசனின் பாதத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரலிடுக்கில் செம்மண் இருந்தது. துடைத்த தரையில் அவன் நடந்தால் ஈரத் தடம் விழுந்தது. செல்வப்பிரியா வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்தாள். அவர்களுடைய ஒரே மகள் கௌசிகாவுக்கும் மாட்டிவிட்டாள். ஏனென்று கேட்ட பிள்ளையிடம், தேள் வருது கண்ணு என்று பொய் சொன்னாள்.

அப்புசாமி குழியில் நிற்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. காலையில் இறங்கினால் வெயில் ஏறின பிறகுதான் ஏறுவார். அப்புறம் மதியச் சோற்றுக்கு மட்டும் வந்தார். ஒருநாள் அதற்கும் வரவில்லை.

செல்வப்பிரியா கூப்பிடப் போனாள். உச்சிப் பொழுது. தோப்பில் எப்போதும் கேட்கிற ஓலைச் சலசலப்பு இல்லை. காக்கை இல்லை, அணில் இல்லை, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் சத்தம்கூட இல்லை. வரிசை வரிசையாகத் தென்னைகள், நடுவில் அவர். கண்ணைத் திறந்துகொண்டு, கையைத் தொங்கவிட்டு, திருப்தியாக நின்றார். அவருடைய பாதம் தெரியவில்லை. கணுக்கால் வரைக்கும் மண் ஏறியிருந்தது.

"மாமா, சோறு ஆறிப் போகுதுங்க."

அவர் கையைப் பிடித்தாள். மண்பானையின் அடிப்பக்கம் மாதிரி ஜில்லென்று இருந்தது. இழுத்தாள். எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் கிழவர் இம்மிகூட அசையவில்லை. இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"அவர ஏம் புள்ள தொந்தரவு பண்ற?"

பின்னால் சிவப்பிரகாஷ் மம்பட்டியோடு நின்றான்.

"ஏனுங்க, மாமா அசையவே மாட்டீங்கறாரு. கால மண்ணு மூடியிருக்குதுங்க. யாராச்சும் மண்ணள்ளிப் போட்டாங்களா?"

"நாந்தான். கொஞ்சங் கொஞ்சமா மூடோணும்னு அப்பாதான் சொன்னாரு."

சொல்லிவிட்டு, அப்பா காலடியில் ஒரு கொத்து மண்ணை இழுத்துத் தள்ளி, மம்பட்டியின் பின்புறத்தால் பதமாகத் தட்டினான். அடுத்த தோட்டத்து மருதாத்தாளைக் கூப்பிட்டு வந்து காட்டினாள். அந்த அம்மாள் அப்புசாமியை மேலும் கீழும் பார்த்தாள். ஐயோ என்று அலறுவாள் என்று செல்வப்பிரியா காத்திருந்தாள்.

"மொகம் என்னமா தெளிஞ்சிருக்குது பாரு," என்றாள் மருதாத்தாள். "எனக்குந்தான் முட்டி வலி உசுரு போவுது. உப்பு எத்தன படி போட்டீங்க?"

யாரிடம் போய்ச் சொல்வது? ஆனைமலையிலிருந்த தம்பிக்குப் போன் போட்டாள். வெறுங்காலில் நடப்பது உடம்புக்கு நல்லதுதானே அக்கா என்று அவனும் அதையே பாடினான். நல்லது, நல்லது, நல்லது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பொழுது சாயும்போது வரிசையில் புதிதாக ஒரு குழியைப் பார்த்தாள். மற்றதைவிடச் சின்னது.

"இது யாருக்குங்க?"

"கௌசிகாவுக்கு. புள்ள ராவெல்லாம் இளைக்குதில்ல? எத்தன நாளைக்கு அந்த மருந்துப் பம்ப வாயில அடிச்சிட்டுக் கெடக்கறது?"

"என்ற புள்ளைய அதுல எறக்குனீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அப்பாவிடம் பார்த்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

மறுநாள் மதியம் பொள்ளாச்சி பஸ்ஸில் பிள்ளையோடு ஏறிவிடுவது என்று முடிவு செய்தாள். விடிந்ததும் எப்போதும் போல வேலையைப் பார்த்தாள். சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், கூடத்தில் பிள்ளை கார்ட்டூன் பார்க்கிற சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே துணிகளைப் பைக்குள் திணித்தாள். உள்ளங்கை வேர்த்து ஜிப் வழுக்கியது. இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையைக் காணோம்.

பின்கதவு திறந்திருந்தது. படியில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

ஓடினாள். வெயில் கண்ணில் அறைந்தது. தோப்பு. முதல் வரிசை. இரண்டாவது வரிசை. அப்புசாமி. முழங்கால் வரைக்கும் மண். அவரைத் தாண்டி.

கௌசிகா குழிக்குள் நின்றாள். ஓரத்தில் சிவப்பிரகாஷ் மண்டியிட்டு, மகள் தலையில் கை வைத்திருந்தான். செல்வப்பிரியா முதலில் கேட்டது பிள்ளையின் மூச்சை. சீராக வந்து போனது. பிறந்ததிலிருந்து அந்த நெஞ்சுக்குள் கேட்ட விசில் சத்தம் இல்லை. ஒரு நொடி, ஒரே நொடி, பெற்ற மனசு தடுமாறிவிட்டது.

"அம்மா," என்றாள் கௌசிகா. "கீழ இருந்து யாரோ காலப் புடிச்சு உடறாங்க. சொகமா இருக்குது."

செல்வப்பிரியா குழிக்குள் குதித்தாள். பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. மறுபடி. பல்லைக் கடித்துக்கொண்டு, அடி வயிற்றிலிருந்து அலறிக்கொண்டு தூக்கினாள். கீழே எதுவோ விட்டது. பிள்ளை வீறிட்டது. மேலே வரப்பில் தூக்கிப் போட்டாள்.

"ஓடு சாமி! மருதாத்தா ஊட்டுக்கு ஓடு! திரும்பிப் பாக்காத!"

அழுதுகொண்டே அது ஓடியது. சிவப்பிரகாஷ் பிடிக்கப் போகவில்லை. அவன் பெண்டாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஏறுவதற்குக் காலை எடுத்தாள். செருப்பு மண்ணோடு நின்றுவிட்டது. வெறும் பாதம் நிலைதவறிக் கீழே பதிந்தது.

ஜில்லென்றது.

பிரசவத்திலிருந்து விடாத இடுப்புவலி, யாரோ விளக்கை அணைத்த மாதிரி நின்றது. பின்மண்டையில் சதா கிடந்த பாரம் இறங்கிப் போனது. உடம்பு இவ்வளவு லேசாக இருக்க முடியும் என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அந்தச் சுகத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. அருவருப்பாக இருந்தது. காலை இழு, இழுடி என்று தனக்குத்தானே கத்தினாள். இன்னொரு காலும் செருப்பைவிட்டு வழுக்கி இறங்கியது.

"நெளியாத பிரியா. மொத நாளு அப்பிடித்தான் இருக்கும்."

சிவப்பிரகாஷ் அவள் காலடியில் மண்ணைத் தள்ளினான். ஒரு கொத்து. இன்னொரு கொத்து. பதமாகத் தட்டினான். அவள் கெஞ்சினாள், கையெடுத்துக் கும்பிட்டாள், வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் அவள் நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றி எடுத்தான். பிறகு மம்பட்டியை மரத்தில் சாத்திவிட்டு, தன் குழிக்குப் போய் இறங்கி, கையைத் தொங்கவிட்டு நின்றான். அதற்கப்புறம் அவள் எவ்வளவு கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை.

வெயில் சாய்ந்தது. அப்புசாமியின் கழுத்து வழியாகக் கட்டெறும்புகள் சாரை சாரையாக வந்து, கன்னத்தில் ஏறி, மூடாத கண்ணைச் சுற்றிக்கொண்டு மேலே போயின. அவர் இமைக்கவில்லை. செல்வப்பிரியாவுக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. பிள்ளை தப்பித்துவிட்டது. அது போதும். அது ஒன்று போதும்.

வரப்பில் சருகு நொறுங்கியது.

கௌசிகா வந்துகொண்டிருந்தாள். கையில் செம்பு. முகமெல்லாம் அழுத கோடு.

"மருதாத்தா பாட்டி அவங்க தோப்புல நிக்கறாங்கம்மா. எத்தன கூப்ட்டாலும் பேசல. உனக்குத் தாகமா இருக்கும்னு தண்ணி கொண்டாந்தேன்."

போ. போடி கண்ணு. ரோட்டுக்கு ஓடு. எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது. உதடு பிரியவில்லை.

பிள்ளை குனிந்து செம்பை அவள் வாயில் வைத்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை. தாடையில் வழிந்தது, சேலையில் வழிந்தது, காலடி மண்ணில் சொட்டியது. மண் இழுத்துக்கொண்டது. தாகம் அடங்கியது. தொண்டையிலிருந்து அல்ல. உள்ளங்காலிலிருந்து, முழங்கால் வழியாக, மேலே, மேலே.

"இப்ப பரவால்லியாம்மா?"

அவ்வளவு நேரம் திறக்காத வாய் திறந்தது. அவள் சொல்ல நினைத்தது வேறு.

"இன்னுங் கொஞ்சம்."

நல்ல பிள்ளை. குழாய்க்கு ஓடியது, நிறைத்துக்கொண்டு வந்தது. ஊற்றியது. மறுபடி ஓடியது. ஒவ்வொரு தடவையும் மூச்சு இளைத்தது, விசில் சத்தம் கேட்டது. மேலேயிருந்து ஊற்றினால் பாதி வெளியே சிந்துகிறது என்று அதற்கே தோன்றியிருக்க வேண்டும். செம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் அம்மாவின் தோளைப் பற்றி, ஈர மண்ணில் வெறுங்காலோடு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் நின்றது. விசில் நின்றது.

மண்ணுக்கடியில் தன் கால்விரல்கள் அந்தச் சின்னப் பாதத்தைத் தேடி மெல்ல நீளுவது செல்வப்பிரியாவுக்குத் தெரிந்தது.